பச்சைச் சட்டையில் எலுமிச்சை வாசம்

பயப்படாதீர்கள் தங்கச்சி, மூட்டைக்குள் ஆள் யாரும் இல்லை. படுக்கை விரிப்புதான். விரிப்பும் தலையணை உறையும். கால் இடிக்கிறதா? இதோ தள்ளி வைக்கிறேன். இடித்தால் வாய் திறந்து சொல்லுங்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். முகம் சுளிக்கிற ஒருவரோடு நிறைய வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.

சலவைக்குக் கொண்டு போகிறேன். அழுக்கா? மோந்து பாருங்கள். மல்லிகை. நேற்றுத்தான் வீட்டில் துவைத்துக் காயவைத்தேன். துவைத்த துணியைத் துவைக்க எடுத்துக்கொண்டு பேருந்தில் போகிறாளே, இவளுக்குக் கிறுக்கா என்று பார்க்கிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. இந்தப் பேருந்து செங்காங் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகும். நீங்கள் கடைசி நிறுத்தமா? நல்லது. நான் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடமே பேசிப் பழகிவிட்டேன். நீங்களும் பேசாமல் உட்காருங்கள், எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதா? அப்படியானால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. இங்கே ஆண்பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் இராணுவத்துக்குப் போயாக வேண்டும். இஷ்டமா என்று கேட்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களாவது ஒப்புக்கு ஒரு தடவை கேட்பார்கள். இவர்கள் அதுகூட இல்லை. முதலில் ஒரு தீவில் அடிப்படைப் பயிற்சி. படகில் ஏற்றிக் கொண்டு போவார்கள். வாரக் கடைசியில் வெளியே விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போய்விட வேண்டும். அந்த ஒன்றரை நாளைக்கு வாரம் முழுக்கப் புரண்டு உருண்ட சீருடையெல்லாம் ஒரு கறுப்புப் பையில் அடைபட்டு வீட்டுக்கு வரும். இந்த நாட்டின் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கப்பலிலும் விமானத்திலுமா? அம்மாக்களின் சலவை இயந்திரத்தில் இருக்கிறது. எதிரிக்கு மூளை இருந்தால் குண்டு போட வேண்டாம். சனிக்கிழமை தண்ணீரை நிறுத்தினால் போதும். ஞாயிறு இரவு படை முழுக்க ஜட்டியோடு நிற்கும்.

என் பையன் பெயர் யுகேந்திரன். எனக்கு ஒரே பையன். அவன் அப்பாவுக்கும் ஒரே பையன், அதுதான் தொல்லை.

அப்பா என்றால், தனபாலன் என்று ஒருவர். வடக்கே யீஷூனில் இருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசில் நாங்கள் பிரிந்தோம். காரணம் கேட்காதீர்கள், எனக்கே சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் தப்பு அவருடையது. ஒரு வாரக் கடைசி அங்கே, ஒரு வாரக் கடைசி இங்கே என்று ஏற்பாடு. பையன் வளர்ந்து மீசை வந்த பிறகும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இதில் இராணுவம் வந்து குறுக்கே நின்றது.

முதல் தடவை அவர்களை வெளியே விட்ட அன்று படகுத்துறைக்குப் போய் நின்றேன். அவரும் வந்து நின்றார். நான் ஒரு தூணுக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். பிள்ளைகள் இறங்கி வந்தார்கள், எல்லாம் ஒரே மொட்டை, ஒரே பச்சை. பெற்றவர்களே திணறினார்கள். பக்கத்திலிருந்த ஒரு சீனத்தம்மா வேறு யாருடைய பிள்ளையையோ கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் திணறவில்லை. என் பையனுக்குத் தலையில் இரட்டைச் சுழி. குழந்தையில் பார்த்தது, அப்புறம் முடி மூடிக்கொண்டது. அவன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான், இரண்டு சுழியும் தெரிந்தன, ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் சுழித்துக்கொண்டு போகுமே, அந்த மாதிரி. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று என் மாமியார் சிரிப்பார். இரண்டு கல்யாணம் எங்கே? இரண்டு வீடுதான் கிடைத்தது அவனுக்கு.

சரி, அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள்.

"இந்த வாரம் என் வாரம்," என்றார் அவர். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"பிள்ளைய இத்தன நாளா அரசாங்கம் வெச்சிருந்துச்சு. ஒங்க வாரமும் அதுல போச்சு, என் வாரமும் அதுல போச்சு. இப்போ புதுசா என்கிட்டேருந்து ஆரம்பம்," என்றேன்.

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"படிச்சிருந்தா ஒங்களுக்கு யீஷூன் வீடு மிஞ்சியிருக்காது."

அவர் பையின் ஒரு பக்கத்துப் பட்டையைப் பிடித்தார். நான் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். நடுவில் பையன்.

"ம்மா. ப்பா. எல்லாரும் பாக்குறாங்க லா."

பார்க்கட்டுமே. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பிள்ளை அவருக்கு, பை எனக்கு. அவர் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கூட்டிப் போனார், ஜெயித்துவிட்டோம் என்று. அவருக்கு எப்போதுமே தூர யோசனை கிடையாது. பை என்னிடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்? அம்மணமாகவா படகில் ஏறுவான்?

அந்தப் பையைத் திறந்தேன் பாருங்கள். தங்கச்சி, நான் பல் வைத்தியசாலையில் எத்தனையோ வாயைப் பார்த்தவள். பிரசவத்திலும் அலறாதவள். அன்று அலறினேன். சேறு, வேர்வை, துப்பாக்கி எண்ணெய், கொசு மருந்து, எல்லாம் சேர்ந்து ஊறி ஒரு தனி ஜீவனாக உள்ளே உட்கார்ந்திருந்தது. ஊற வைத்தேன். காலர் ஓரத்தைத் தூரிகையால் தேய்த்தேன். அலசினேன். மல்லிகை வாசத் திரவம் இருக்கிறதே, கடைசித் தண்ணீரில் ஊற்றுவது, ஒரு மூடி போதும் என்று போட்டிருக்கும், அந்த நாற்றத்துக்கு ஒரு மூடி எப்படிப் போதும்? தாராளமாக ஊற்றினேன். கஞ்சி போட்டேன். இஸ்திரி போட்டேன். அந்தக் கால்சட்டை மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். தட்டினான். சத்தம் வந்தது.

"ம்மா, கஞ்சி போடக்கூடாது. அயர்ன் பண்ணி பளபளன்னு ஆக்கக்கூடாது. சார்ஜன்ட் திட்டுவாரு."

"ஒங்க சார்ஜன்ட்டுக்கு என்ன வயசு?"

"இருவத்தொன்னு இருக்கும்."

"அவன் துணிய யாரு துவைக்கிறா?"

"அவங்கம்மா."

"அப்புறமென்ன? அந்தம்மாவ வந்து என்கிட்ட பேசச் சொல்லு."

இப்படியே போனது. ஒவ்வொரு வாரமும் படகுத்துறையில் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். ஒரு வாரம் பிள்ளை எனக்கு, பை அவருக்கு என்றானது. அன்றைக்கு அவர் துவைத்த அழகைப் பார்க்க வேண்டுமே. பையன் சட்டைப் பையில் வைத்திருந்த பேனாவோடு சேர்த்துத் துவைத்து, பச்சைச் சீருடையில் நீலக் கடல் படம் வரைந்து அனுப்பியிருந்தார். "காட்டுல மறைஞ்சிக்க பச்சை, கடல்ல மறைஞ்சிக்க நீலம், ரெண்டும் ஒன்னாக் கெடச்சிருச்சி," என்று தொலைபேசியில் சிரிக்கிறார். நான் அன்றே சொல்லிவிட்டேன், இனிமேல் பை எனக்கு மட்டும்தான் என்று. அவர் முடியாது என்றார். பையன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பயிற்சியில் களைப்பு, பாவம்.

அப்புறம் காட்டு முகாம். வாரம் முழுக்கக் காட்டிலேயே இருக்க வேண்டும். பள்ளம் தோண்டி, முகத்தில் கரி பூசிக்கொண்டு, எதிரிக்குத் தெரியாமல் பதுங்கிக் கிடக்க வேண்டும். அதற்கென்றே நான் விசேஷமாகத் துவைத்துக் கொடுத்தேன். நாள் கணக்கில் குளிக்க முடியாதாமே, வாசமாவது இருக்கட்டும் என்று மல்லிகையை இரட்டிப்பாக ஊற்றினேன். எந்தத் தாய் ஊற்ற மாட்டாள்?

என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஃபைசால் என்ற மலாய்ப் பையன் சொன்னான். எல்லாரும் புதருக்குள் மூச்சுவிடாமல் படுத்திருக்கிறார்களாம். சார்ஜன்ட் ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டு வருகிறான். சட்டென்று நிற்கிறான். மூக்கை உயர்த்தி இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை மோந்து பார்க்கிறான். "இங்கே யாருக்குக் கல்யாணம்?" என்கிறான். நேராக வந்து என் பையன் படுத்திருந்த புதரை விலக்கினானாம். "உன்னைச் சுட எதிரிக்குக் கண்ணே வேண்டாம்." அதற்குத் தண்டனை அவனுக்கு மட்டும் இல்லை, குழு முழுக்கத் தண்டால் எடுத்ததாம். அன்றிலிருந்து என் பையனுக்கு அங்கே பெயர் மாப்பிள்ளை. சீனப் பையன்களும் அவர்கள் நாக்குக்கு வந்த மாதிரி மாப்ளே, மாப்ளே என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல பெயர்தானே? அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

முகாம் முடிந்து வந்தவன், "இனிமே துணிய நானே பாத்துக்கிறேம்மா. படகுத்துறைக்கும் வர வேணாம், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்," என்றான். நான் சிரித்தேன். தன் காலுறைக்கு ஜோடி தேடத் தெரியாதவன்.

அடுத்த வாரம் பை வந்தது. திறந்தேன். அலறத் தயாராக மூச்சை இழுத்தேன், எல்லாம் துவைத்து மடித்து அடுக்கியிருந்தது. கஞ்சி இல்லை, மடிப்பு இல்லை, மல்லிகை இல்லை. எலுமிச்சை. எலுமிச்சை வாசம் அடித்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தனபாலன் வீட்டில் எல்லாமே எலுமிச்சைதான். பாத்திரத்துக்கு எலுமிச்சை, தரைக்கு எலுமிச்சை, தலைக்கும் அதையே தேய்ப்பாரோ என்னவோ. என்னைத் தாண்டி, எனக்குத் தெரியாமல், பிள்ளையும் அவருக்கு, பையும் அவருக்கு. உறுதி செய்துகொள்ள வேண்டாமா? பேரங்காடிக்குப் போய் சலவைத் திரவப் புட்டிகளை ஒவ்வொன்றாக மூடி திறந்து மோந்து பார்த்தேன். அங்கே வேலை செய்யும் சீனத்தம்மா வந்து, "வாங்கப் போறியா, குடிக்கப் போறியா?" என்று கேட்டாள். அந்த வாசம் கிடைத்தது. மஞ்சள் புட்டி. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாசத்தில் என்ன இருக்கிறது என்பீர்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவன் துணி என்ன வாசம் அடிக்க வேண்டும் என்று தீர்மானித்தவள் நான், தங்கச்சி.

அவரிடம் போய்க் கேட்டேனா? கேட்பேனா? கேட்டால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாகப் புதுச் சலவை இயந்திரம் வாங்கினேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. படம் எடுத்துப் பையனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். பை மட்டும் எலுமிச்சையாகவே வந்துகொண்டிருந்தது. என் இயந்திரம் கண்ணாடியில் என் முகத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது.

பயிற்சி முடிந்து அணிவகுப்பு. விடிய விடிய நடந்து வந்து மைதானத்தில் நிற்கிறார்கள், நிற்கிறபோதே பாதிப் பேர் தூங்குகிறார்கள். வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தது என்கிறீர்கள்? வேறு இடம் இல்லையாம்.

"பரவால்ல," என்றார் அவர், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே. "மல்லிப்பூவ விட்டுட்டு எலுமிச்சைக்கு மாறிட்ட. இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு."

"என்ன நக்கலா? திருட்டுத்தனமாத் துவைச்சு அனுப்புறது நீங்க."

"நானா? பை என் கண்ணுலயே படல. நீதான் மொத்தமாப் பிடுங்கிக்கிட்ட."

"நான் எங்க பிடுங்கினேன்? அதுக்குன்னு புது மெஷின் வாங்கி வெச்சிட்டு..."

"நீயும் வாங்கினியா?" என்றார்.

கீழே பிள்ளைகள் தொப்பியை மேலே எறிந்தார்கள். சுற்றிலும் எல்லாரும் கைதட்டினார்கள். நாங்கள் கைதட்ட மறந்துவிட்டோம்.

அணிவகுப்பு முடிந்ததும் ஃபைசால்தான் போட்டு உடைத்தான். "மக்சிக், உங்களுக்குத் தெரியாதா?" என்றான் மலாயில். மக்சிக் என்றால் நம் அத்தை மாதிரி. பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காசு போட்டுத் துவைக்கிற கடை இருக்கிறதாம். படகிலிருந்து இறங்கியதும் பையன்கள் நேராக அங்கேதான் போவார்களாம். துணி சுற்றும், இவர்கள் உட்கார்ந்து கதை பேசுவார்களாம். எல்லாரும் போன பிறகும் மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருப்பானாம். மஞ்சள் புட்டி அந்தக் கடையில் சும்மா கொடுப்பதாம்.

"ஏன்டா?" என்று என் பையனிடம் கேட்டேன். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு அதையே முகத்தால் கேட்டார். அதில் கெட்டிக்காரர்.

"அங்க யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்கம்மா," என்றான் பையன். "மெஷின் சுத்தும். நான் தூங்குவேன்."

கேட்டீர்களா? கடை இயந்திரம் பெரியதில்லையா, சத்தம் சீராக வரும், தூக்கம் வருமாம். நான் வாங்கியது சின்னது. தப்பு இயந்திரத்தில்தான். எப்படியோ, அவர் துவைக்கவில்லை. எனக்கு அது போதும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முடிந்தது அடிப்படைப் பயிற்சிதான், இரண்டு வருஷம் முடிகிறவரை முகாமும் வாரக் கடைசியும் பையும் உண்டு. அடுத்த சனிக்கிழமை வீட்டு விரிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் துவைக்கலாம். அவனுக்கு இடியாப்பமும் எடுத்துப் போனேன். போய்ப் பார்த்தால் அந்த மூலை பெஞ்சில் தனபாலன். மடியில் ஒரே ஒரு துண்டு. ஒற்றைத் துண்டைத் துவைக்க யீஷூனிலிருந்து வந்திருக்கிறாராம், நாடகக்காரர். கையில் பொட்டலம், பரோட்டா.

பையன் உள்ளே வந்தான். எங்களைப் பார்த்தான். இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கம் இடியாப்பத்தைத் திறந்தேன், அவர் அந்தப் பக்கம் பரோட்டாவைப் பிரித்தார். "வயித்துக்கு இடியாப்பந்தான் நல்லது," என்றேன். "வாரமெல்லாம் ஓடுறவனுக்கு இடியாப்பம் எந்த மூலைக்கு?" என்றார். மற்றவர்கள் கைப்பேசியில் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இயந்திரம் நின்றது. பையன் எழுந்தான், உலர்த்தக்கூட இல்லை, சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் பையில் திணித்தான். "வேல இருக்கும்மா," என்று போய்விட்டான். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான், சளி பிடிக்காதா? எனக்கு அந்தக் கவலைதான்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவனைக் காணோம். வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், நன்றாகத்தான் பேசுகிறான். பை மட்டும் எங்கேயோ துவைத்து, இப்போதும் எலுமிச்சை வாசத்தோடு வருகிறது. ஆக வேறு கடை. இந்தத் தீவில்தான் எத்தனை கடை! தேடுகிற வேலையை நானும் அவரும் பிரித்துக்கொண்டோம். வடக்குப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வாரக் கடைசியில் மணிக்கொரு தரம் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். "அங்க இருக்கானா?" "இல்ல." "சாப்ட்டியா?" "இன்னும் இல்ல." இப்படி. கல்யாணமாகி ஒன்றாக இருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இதோ வருகிறது பாருங்கள், சிவப்பு விளக்கு. அந்த மூலையில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், நீலப் பலகை, அதுதான் இன்றைக்கு நான் பார்க்க வந்த கடை. கொஞ்சம் தலையைச் சாயுங்கள் தங்கச்சி. காலியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு இயந்திரம் சுற்றுகிறது, மற்றவையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் போல. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பையன்...

மணியை அழுத்துங்கள். அழுத்துங்கள், உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அவன்தான். தலை முன்னால் தொங்குகிறது பாருங்கள், பின்மண்டை தெரிகிறதா? இரண்டு சுழி. பக்கத்தில் பக்கத்தில். அவனேதான். மூட்டையை எடுங்கள், பிடியுங்கள் கொஞ்சம்.

தூங்குகிறான்.

எப்படித் தூங்குகிறான் பாருங்கள். தோள் இரண்டும் இறங்கி, கை இரண்டும் மடியில் திறந்து கிடக்கிறது. தொட்டிலில் போட்டபோது இப்படித்தான் கை விரித்துத் தூங்குவான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை அவனை. இயந்திரம் சுற்றுகிறது.

நிறுத்தம் வந்துவிட்டதா? கதவைத் திறந்துவிட்டாரா ஓட்டுநர்? நமக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியில் பார்க்கிறார். யாரும் இறங்கவில்லை என்று கை காட்டுங்கள் தங்கச்சி. கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். மூட்டையைக் கீழே வையுங்கள், உங்களுக்கு ஏன் சிரமம்?

பொறுங்கள், தொலைபேசி. அவர்தான்.

"ம்... ஆமா, பாத்தேன்... இல்ல. இங்கயும் இல்ல... நல்லாத்தான் பாத்தேன், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ... இல்லங்கிறேன்ல. ஒங்க துண்ட மடிச்சு வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க. சாப்ட்டீங்களா? ... சரி. வைங்க."

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அவரிடம் சொன்னால் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவனை எழுப்பிவிடுவார். அவருக்கு எப்போதுமே இங்கிதம் கிடையாது.

நானா? நான் இறங்கித்தான் இருப்பேன். ஆனால் நீங்களும்தான் பார்த்தீர்களே. இயந்திரமெல்லாம் நிரம்பி வழிந்தது. எனக்கு ஏது அங்கே இடம்?